பழைய ஆர்க்கேடு பெட்டி: மீட்டலோ, மாற்றலோ?

காசொன்றை இட்டால் சில நிமிடம் ஆட இடங்கொடுத்து, ஆடுவோன் தோற்றவுடன் மறுகாசு வேண்டி நிற்கும் மின்சார விளையாட்டுப் பெட்டிகளை நம்மிற் பலர் திரைப்படங்களில் கண்டிருப்பரேயன்றி நேரிற் கண்டிரார். ஏறத்தாழ ஆளுயரமுள்ள மரப்பெட்டி. அதன் முகத்தில் சாய்வாகப் பொருத்திய கண்ணாடியும் அதனுள்ளே திரையும். திரையின்கீழ் ஒரு கைப்பிடியும் சில பொத்தான்களும். தலைப்பில் உள்விளக்கால் ஒளிரும் பெயர்ப்பலகை. கீழே காசு விழும் துளை. இத்தகைய பெட்டிகள் வரிசை வரிசையாக நிறுத்தப்பெற்ற கூடத்தை மேனாட்டார் ஆர்க்கேடு என்பர். அதுபற்றிப் பெட்டியும் ஆர்க்கேடு பெட்டி எனப் பெயர் பெற்றது.

இவற்றின் வரலாறு நெடியதன்று. பலவாகச் செய்து விற்கப்பட்டவற்றுள் முதலாவது, 1971-இல் நட்டிங் அசோசியேட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் வெளியிட்ட 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்'. மறு ஆண்டில் அட்டாரி நிறுவனத்தாரின் 'பாங்' வந்தது. 1978-இல் ஜப்பானிலிருந்து டைட்டோவின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்பதும், 1980-இல் நாம்கோவின் 'பேக்-மேன்' என்பதும் வெளிப்போந்து உலகை வளைத்துக்கொண்டன. வீட்டிலேயே ஆடத்தக்க கருவிகள் பெருகிய பின்னர்க் கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பெட்டிகளோ கொட்டில்களிலும் நிலவறைகளிலும் கிடந்து தூசி படிந்தன. அவற்றுட் பல இன்று நாற்பது வயதைக் கடந்தவை.

அங்ஙனம் கிடந்த பெட்டியொன்று இந்நாளில் ஒருவர் கைக்கு வருமாயின், அவர்முன் இரண்டு வழிகள் தோன்றும். பழுதுபட்ட உறுப்புக்களைச் செப்பனிட்டு, பெட்டி தொழிற்சாலையினின்று வெளிவந்த நாளில் எங்ஙனம் இருந்ததோ அங்ஙனமே ஆக்குவது ஒன்று. இதனை மீட்டல் என்று குறிப்போம். உள்ளிருப்பவற்றை அகற்றி, ஒரு சிறு கணினியையும் தட்டைத் திரையையும் வைத்து, ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் அவ்வொரு பெட்டியிலேயே ஆடப்படுமாறு செய்வது மற்றொன்று. இது மாற்றல். இவ்விரண்டில் எதனைத் தெரிவது என்பது அவரவர் சுவையையும் பணப்பையையும் பொறுத்தது என்று கூறி அமைவார் பலர். யாம் அங்ஙனம் கருதவில்லை. பெட்டிக்குள் யாது உளது என்பதனை அறிந்தபின்னரே இவ்வினாவுக்கு விடை கூறல் இயலும். அறியாது செய்யும் மாற்றம் திரும்பப் பெறவொண்ணாத இழப்பாக முடிதலும் உண்டு.

ஆதலின் பெட்டியின் உள்ளுறுப்புக்களை முதற்கண் நோக்குவோம். ஆட்டத்தின் உயிர் எனத்தக்கது மின்சுற்றுப் பலகை. அதில் ஆட்டத்தின் நிரல் பொதிந்த சில்லுகள் செருகப்பட்டிருக்கும். அவற்றுட் பல இ-ப்ராம் என்னும் வகையின. இவ்வகைச் சில்லின் முதுகில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் உண்டு. அதன்வழிப் புறஊதாக் கதிர் பாயுமாயின் எழுதியது அழியும். இதனாலேயே அச்சாளரத்தின்மேல் ஒரு தாளை ஒட்டி மறைத்திருப்பர். தாள் உரிந்துபோன பலகையை வெயிலில் வைப்பவன் தான் அறியாமலே நூலொன்றை எரிக்கிறான் என்னலாம். வெயில் படாவிடினும், எழுத்தாக நிற்பது மிக நுண்ணிய மின்னேற்றமேயாதலின், பல பத்தாண்டுகளில் அது தானே கசிந்து குறைதலும் உண்டு.

அடுத்து, பிக்சர் டியூப் எனப்படும் படக்குழாய். நம் இல்லங்களில் முன்னர் இருந்த கனத்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்ததும் இதுவே. பின்புறத்தினின்று பாயும் மின்னணுக்கற்றை, திரையின் உட்பூச்சின்மேல் நொடிக்கு ஏறத்தாழ 15,700 கோடுகளை இழுத்துப் படத்தை எழுதுகின்றது. 'பேக்-மேன்' ஆட்டத்தின் படம் முழுமையும் அகலத்தில் 224 புள்ளிகளும் உயரத்தில் 288 புள்ளிகளுமே உடையது. உயரம் மிகுதல் வேண்டிக் குழாயையே பக்கவாட்டிற் சாய்த்துப் பொருத்தியிருப்பர். அப்புள்ளிகளைத் தீட்டியவர், குழாயில் அவை ஒன்றோடொன்று சற்றே கலந்து மென்மையுறும் என்பதனை அறிந்தே தீட்டினர். இன்றைய தட்டைத் திரையில் அதே படத்தை இட்டால் ஒவ்வொரு புள்ளியும் செங்கல்லாய்த் துருத்தி நிற்கும். 1979-இல் அட்டாரி வெளியிட்ட 'அஸ்டிராய்ட்ஸ்' என்பதன் நிலை இதனினும் அரிது. அதில் கோட்டுக்குக் கோடு நிரப்பும் முறையே இல்லை. கற்றையானது எழுதுகோல் போல் உருவின் விளிம்பின்மேலேயே ஓடும். கலத்தினின்று புறப்படும் குண்டு கரிய வானில் ஒரு பொறியாய்க் கண்ணைக் கூசச் செய்வது அதனாலேதான். தட்டைத் திரையில் அக்குண்டு ஒரு வெள்ளைப் புள்ளி; அவ்வளவே.

குழாய்க்கும் மூப்பு உண்டு. ஒரே படம் ஆண்டுக்கணக்காக நின்றமையால் 'பேக்-மேன்' பெட்டிகள் பலவற்றில் அதன் நீல வழிகள் திரையிற் சுட்ட தழும்பாய்ப் பதிந்து, மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் தெரியும். குழாயை இயக்கும் பலகையில் உள்ள மின்தேக்கிகள், அஃதாவது பழுதுபார்ப்போர் கண்டென்சர் என வழங்குவன, உள்நீர் வற்றிப் பயனற்றுப் போகும். அவற்றை மாற்றுதல் அரிதன்று, விலையும் சிறிதே. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். வண்ணக் குழாயில் நிற்கும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்குக் குறையாதது. இணைப்பை எடுத்த பின்னரும் குழாய் தன்னகத்தே அதனைச் சிலகாலம் தேக்கி வைத்திருக்கும். பழகாதார் கை வைத்தல் ஆகாது. புதிய குழாய்களைச் செய்த பெருந்தொழிற்சாலைகள் அத்தொழிலை விட்டொழிந்தன. ஆகவே, நன்னிலையில் உள்ள ஒரு குழாயைக் குப்பையில் எறிபவன் மீண்டும் செய்யப்படாத ஒன்றை எறிகின்றான்.

மூன்றாவது பெட்டியின் உடல். ஒட்டுப்பலகையாலோ மரத்தூளை அழுத்திய பலகையாலோ ஆயது. பின்னதில் ஈரம் ஏறின் அடி வீங்கி உதிரும். இதனை வெறும் கூடு என்று எண்ணிவிடல் தவறு. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பெட்டியையே காண்க. அதன் நின்றாடும் வகையில், ஆடுவோன் குழாயை நேரே காண்பதில்லை. குழாய் தாழ வைக்கப்பட்டு, அதன் பிம்பம் பாதி ஒளிபுகும் கண்ணாடியொன்றில் விழும். கண்ணாடிக்குப் பின்னே நிலவின் மேற்பரப்பைத் தீட்டிய ஓவியம் நிற்கும். ஓவியமும் பிம்பமும் ஒன்றுபட்டு, பகைவர் நிலவின்மேல் இறங்குவதாகத் தோன்றும். படம் உண்மையிற் கருப்பு வெள்ளையே. வண்ணத் தாள்களைப் பட்டை பட்டையாக ஒட்டி நிறம் ஊட்டினர். இப்பெட்டியின் ஆட்டம் பலகையில் மட்டும் இல்லை. ஒரு பகுதி கண்ணாடியிலும், ஒரு பகுதி தச்சு வேலையிலும் உளது. நிரலை மட்டும் படியெடுத்துக் கணினியில் ஓட்டுபவர்க்கு நிலவு கிட்டாது.

இவ்வளவும் கேட்டவர், அப்படியாயின் மீட்டலே அறம், மாற்றல் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல விரைவர். அங்ஙனம் விரைவார்க்கு இவ்வணிகத்தின் வரலாறே தடையாய் நிற்கின்றது.

ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1980-இல் 'ரேடார் ஸ்கோப்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைத் தலைவராகிய மினோரு அரகாவா, அதன்மேற் பெருநம்பிக்கை வைத்து 3,000 பெட்டிகளை வரவழைத்தார். அவை கடல் கடந்து வந்து சேர்வதற்குள் மக்கள் மனம் வேறொன்றை நாடியது. ஏறத்தாழ 1,000 பெட்டிகள் விற்றன. எஞ்சிய 2,000 பண்டகசாலையில் தேங்கின. கிளை மூழ்கும் நிலை. அப்பெட்டிகளுக்குப் புதியதோர் ஆட்டத்தை ஆக்கித் தருமாறு, அதுகாறும் ஓவியப் பணியில் இருந்த ஷிகெரு மியாமோட்டோ என்னும் இளைஞர் பணிக்கப்பட்டார். குன்பெய் யோகோய் அவர்க்கு மேலாளர். அங்ஙனம் பிறந்ததே 1981-இல் வெளிவந்த 'டாங்கி காங்'. புதிய நிரலும் புதிய ஓவியங்களும் அடங்கிய மாற்றுக் கருவித்தொகுதிகள் வாஷிங்டன் மாநிலத்திற்கு அனுப்பப்பட, அரகாவாவும் அவர் மனைவியாரும் சில துணைவரும் தங்கள் கைகளாலேயே பெட்டிகளைத் திறந்து மாற்றினர். தச்சனாகிய மாரியோவும் பீப்பாய் உருட்டும் குரங்கும் உலகிற் கால் வைத்தது பழைய பெட்டியொன்றின் மாற்றத்தால் என்க. அமெரிக்காவில் முதலில் வெளிவந்த 'டாங்கி காங்' பெட்டிகள் செந்நிறம் பூண்டவை. பின்னர்ப் புதிதாகச் செய்யப்பட்டவை நீலநிறம் பெற்றன. செந்நிறம் 'ரேடார் ஸ்கோப்' விட்டுச் சென்ற சட்டை.

இப்பொழுது நம் வினா கூர்மை பெறுகின்றது. செந்நிறப் பெட்டியொன்று ஒருவர்க்குக் கிடைத்ததாகக் கொள்வோம். அவர் அதனை 'முன்னிருந்த நிலைக்கு' மீட்க விழைகின்றார். எந்த முன்னிலை? தொழிற்சாலையினின்று வந்த நாளில் அது 'ரேடார் ஸ்கோப்'. அந்நிலைக்குக் கொணர்ந்தால் அரிய பெட்டியொன்று கிடைக்கும் என்பது மெய். ஆனால் முதல் 'டாங்கி காங்' பெட்டிகளுள் ஒன்று அழியும். மூலத்தை மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வரலாற்றைச் சுரண்டியெடுத்தவர் ஆவோம்.

தமிழ் பயிலும் நமக்கு இச்சிக்கல் புதிதன்று. சுவடியொன்றில் மூலத்தோடு பிற்காலத்தார் சேர்த்த செய்யுளைக் காணும் நற்பதிப்பாசிரியர் அதனைச் சொல்லாமல் அடித்தெறிவதில்லை. இஃது இன்ன சுவடியில் மட்டும் உளது என அடிக்குறிப்பிற் காட்டிச் செல்வர். இடைச்செருகலும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் படித்த நூலின் பகுதியே அன்றோ?

மாற்றத்திற் பிறந்தது 'டாங்கி காங்' ஒன்றே எனல் ஆகாது. ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனத்தை அமைத்த மாணவர் சிலர், 'பேக்-மேன்' பலகையில் செருகத்தக்க துணைப்பலகையொன்றை ஆக்கி, 'கிரேஸி ஆட்டோ' எனப் பெயரிட்டனர். அமெரிக்காவில் 'பேக்-மேன்' பெட்டிகளைச் செய்துவந்த மிட்வே நிறுவனத்தார் அதனை விலைக்குப் பெற்று 1982-இல் 'மிஸ் பேக்-மேன்' ஆக வெளியிட்டனர். அதன் பெட்டியைத் திறந்தால் பழைய 'பேக்-மேன்' பலகையும், நடுச்சில்லின் இடத்தில் செருகிய துணைப்பலகையும் இன்றும் காணலாம். நம்மையொத்த வயதினர் செய்த வேலை என்பதால் இதனைச் சற்று மகிழ்ச்சியோடே எழுதுகின்றோம்.

1983-க்குப் பின்னர் அமெரிக்கக் கூடங்களில் வருவாய் குன்றவே, மாற்றல் பொதுவழக்காயிற்று. புதுப்பெட்டி வாங்க வலியற்ற முதலாளிகள் கருவித்தொகுதியை மட்டும் வாங்கிப் பழைய பெட்டியில் ஏற்றினர். 1985-இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் 'ஜாமா' என்னும் பொதுவான கம்பியிணைப்பு முறையை வகுத்தது. 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பு. பலகையை உருவி வேறொன்றைச் செருகினால் வேறோர் ஆட்டம். பக்க ஓவியங்களைக் கருஞ்சாயத்தால் மறைத்தலும் அக்காலத்து வழக்கு. இன்று அச்சாயத்தைப் பொறுமையாய் நீக்கும் ஆர்வலர்க்கு, அடியில் ஒளிந்திருந்த பழைய ஓவியம் சிற்சில வேளை முழுமையாய் வெளிப்படும். அம்மகிழ்ச்சிக்கு ஈடு சொல்லல் அரிது என்பர்.

அந்நாளைய மாற்றலுக்கும் இந்நாளைய மாற்றலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் ஒரு பெட்டியை ஓர் ஆட்டத்தினின்று மற்றோர் ஆட்டத்திற்குக் கொண்டு சென்றனர். குழாய், கைப்பிடி, காசுத்துளை எல்லாம் தம் தொழிலைத் தொடர்ந்தன. இந்நாளிலோ அவை அனைத்தும் வெளியேற, ஒரு கணினி குடிபுகுகின்றது. அதற்கு அடிகோலியது, 1997-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இத்தாலியராகிய நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட 'மேம்' என்னும் நிரல். பழைய பலகைகளின் நடத்தையைக் கணினிக்குள் நடித்துக் காட்டுவது அது. இதனை மீட்போர் சிலர் பகையாக நோக்குவர். எமக்கு அது நேரிதாகத் தோன்றவில்லை. பலகைகள் எவ்வாறு இயங்கின என்பதனை எழுதிவைத்து, சில்லுகளில் உள்ளது மறையுமுன் படியெடுத்துக் காத்த பணி அதனுடையது. மீட்போர் இறந்த சில்லொன்றுக்கு மறுபடி எழுத வேண்டுங்கால், அப்படிகளையே நாடுகின்றனர்.

மூலத்தையே பற்றிநின்றால் மூலமே அழியும் என்பதற்கும் சான்று உண்டு. 1993-இல் கேப்காம் நிறுவனத்தார் வெளியிட்ட சிபிஎஸ்-2 என்னும் பலகையில், நிரல் மறைமொழியில் எழுதப்பட்டிருந்தது. அதனைப் படித்தற்குரிய திறவுகோல் ஒரு சிறு மின்கலத்தின் வலியால் மட்டுமே நினைவில் நின்றது. மின்கலம் தீர்ந்தால் திறவுகோல் மறையும், பலகை ஊமையாகும். படியெடுத்து விற்போரைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. ஆர்வலர் அதனைத் தற்கொலை மின்கலம் என வைதனர். மின்கலம் வேண்டாதபடி அப்பலகையை மாற்றும் வழியை அவர்கள் கண்டமையாலன்றோ பல பலகைகள் இன்றும் பேசுகின்றன! தொழிற்சாலை செய்தபடியே இருத்தல் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடிப்பாராயின், செய்தபடியே அது மாண்டுபோகும்.

நிற்க. நம் கையில் உள்ள பெட்டிக்கு வருவோம். பலகையும் குழாயும் ஓவியமும் ஓரளவேனும் எஞ்சியுள்ள பெட்டியாயின் மீட்டலே தக்கது; இதில் எமக்கு ஐயமில்லை. முழுமை குறைந்தும் உயிருடன் உள்ள ஒன்றை, ஆயிரம் ஆட்டம் வேண்டும் என்னும் ஆசையால் குடைந்தெறிதல் கூடாது. ஆயிரம் ஆட்டங்கள் வேண்டுவோர்க்குப் புதுப்பலகையால் ஒரு பெட்டி செய்துகொள்ளல் எளிது. அவ்வளவு பழைய 'அஸ்டிராய்ட்ஸ்' குழாயை எவராலும் செய்துகொள்ளல் இயலாது. பழந்துருத்தியையும் புது ரசத்தையும் பற்றிய உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, புது ரசத்திற்குப் புதுத்துருத்தி தேடுதல் அருமையான அறிவுரையன்று.

உள்ளே ஒன்றுமின்றிக் கூடு மட்டும் எஞ்சிய பெட்டியாயின், மாற்றுவதில் இழுக்கில்லை. ஈரத்தில் அடி உதிர்ந்து, பலகையும் குழாயும் எந்நாளோ விற்கப்பட்டுப்போன ஒன்றை மீட்கப் புகின், அதற்கு வேண்டிய உறுப்புக்களை வேறொரு பெட்டியைக் கொன்றே பெறவேண்டியிருக்கும். மூன்று பெட்டிகளை வாழ்விக்க நான்காவதைப் பிரித்தெடுக்கும் சேகரிப்போர் உளர். அவரை முற்றும் பழிக்க எமக்கு மனம் வரவில்லை; எனினும் பிரிக்கப்படுவது எது என்பதனை அவர் இருமுறை நோக்குதல் நன்று. வெறுங்கூட்டில் கணினியொன்றை வைத்துப் பிள்ளைகள் ஆடுவாராயின் அக்கூடு விறகாவதினும் அது மேல். அப்பொழுதும் பலகையில் புதுத்துளை இடாமலும், எஞ்சிய ஓவியத்தை மறைக்காமலும் செய்தல் இயலும். கைப்பிடி வரிசையை மட்டும் தனித்தட்டாகச் செய்து, பழைய தட்டைச் சுற்றி வைத்துவிடலாம்.

கடினமானது இடைப்பட்ட நிலை. 1980-களில் ஒரு முதலாளி பிழைப்புக்காக மாற்றிய பெட்டி. அம்மாற்றமே இன்று நாற்பது ஆண்டுப் பழமை எய்திவிட்டது. அடியில் உள்ள முதல் ஆட்டம் எங்கும் மலிந்ததா, மேலுள்ளது அரிதா, அல்லது மறுதலையா என்பதனை ஆய்தல் வேண்டும். செந்நிற 'டாங்கி காங்' போன்றவற்றில் மேலுள்ளதே காக்கத்தக்கது. யாதொரு சிறப்புமற்ற ஓர் ஆட்டத்திற்காகக் கருஞ்சாயம் பூசப்பெற்ற பெட்டியாயின், சாயத்தை நீக்கிப் பழையதை வெளிக்கொணர்வதே தகும் என்பது எம் கருத்து. இதில் அறிஞர் வேறுபடுவர். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம் போன்றவற்றிற்குக் காத்தலே தொழில். நியூ ஹாம்ப்ஷயரில் லக்கோனியா நகரத்து ஃபன்ஸ்பாட் கூடத்தில் உள்ள ஆர்க்கேடு காட்சியகத்திலோ வருவோர் காசிட்டுப் பழம் பெட்டிகளிலேயே ஆடுகின்றனர். ஆட ஆடக் கைப்பிடி தேயும், குழாய் மங்கும். ஆடாது பூட்டி வைத்தாலோ அஃது ஆட்டமாகாது, மரச்சாமான் ஆகும். தேய்வதற்கு அஞ்சிப் பூட்டுவதினும், தேய்ந்ததைத் திருத்திக்கொண்டே ஆடுவது மேல் என்று எமக்குத் தோன்றுகின்றது.

எவ்வழியைத் தெரிந்தாலும் கழற்றியது எதனையும் எறியாமல், ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டுக் கட்டி, பலகையை மின்தூசு ஏறாத பைக்குள் இட்டு, சில்லுகளின் சாளரங்களைத் தாளால் மூடி, அப்பெட்டியின் அடித்தளத்திலேயே வைத்துவிடுக. இன்ன நாளில், இன்ன உறுப்பு, இன்ன காரணத்தால் மாற்றப்பட்டது என ஒரு தாளில் மையால் எழுதிப் பின்கதவின் உட்புறத்தில் ஒட்டுக. நாற்பது ஆண்டு கழித்து அக்கதவைத் திறப்பவர் யாராயினும், அவர் முதலில் காண்பது அத்தாளாகவே இருக்கும்.